சின்ன முதலாளியின் பெரிய டயர்

டயர் எங்க உரசுதுன்னு கண்டுபிடிக்கிறது என் தொழில். ஏன் உரசுதுன்னு வண்டிக்காரருக்குப் புரிய வைக்கிறது என் தலையெழுத்து. விருதுநகர் பைபாஸ் ஓரத்துல வீல் அலைன்மெண்ட் பட்டறை வச்சிருக்கேன். பேரு காதர். ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்ல, எல்லாருக்கும் நான் பாய்தான். என்கூடப் பாண்டின்னு ஒருத்தர் வேலை பாக்குறார். என் வயசுக்காரர். வாயே திறக்க மாட்டார். திறந்தார்னா, வாங்கிக்கட்டிக்கிட்ட ஆள் வீட்டுக்குப் போயித்தான் அது திட்டுன்னு கண்டுபிடிப்பார்.

இதை யாருக்குச் சொல்லுறேன்னா, டெய்லர்மாருக்கு, கொத்தனார்மாருக்கு, கல்யாணத்துல போட்டோ எடுக்குறவுகளுக்கு. அடுத்தவர் மனசுல நெனச்சதை நம்ம கையால செஞ்சு குடுத்துப் பொழைக்கிற அம்புட்டுப் பேருக்கும். சட்டை பிடிப்பா இருக்கணும், பிரியாணி சாப்பிட்டா மூச்சும் விடணும்னு கேக்குற ஆளை நீங்க பாத்திருப்பீக. எனக்கு வாய்ச்சவன் டயரும் பெருசா இருக்கணும், இடமும் தாராளமா இருக்கணும்னு கேட்டவன். அந்த ஒரே ஒரு வண்டியோட நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

பாட்டு நின்னா கேக்குற சத்தம்

ஒரு நாள் காலையில பட்டறை வாசல்ல திடீர்னு நிழல் விழுந்துச்சு. நம்ம ஊர்ல மேகமான்னு சந்தோசமா நிமிந்து பாத்தா, பிக்கப் வண்டி. முன்னால ரெண்டு வரிசை சீட்டு, பின்னால திறந்த பெட்டி. அதைக் கோயம்புத்தூர்ல யார்கிட்டயோ குடுத்து ஒரு சாண் உசத்தி, டிராக்டருக்குத் தம்பி மாதிரி, கட்டை கட்டையா ரப்பர் புடைச்சு நிக்கிற பட்டன் டயர் நாலு மாட்டியிருந்துச்சு. மேல இருந்து ஒரு பையன் குதிச்சான். அதுல இருந்து இறங்க முடியாது, குதிக்கத்தான் முடியும். பேரு கார்த்தியாம். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சியோட ஒரே மகன்.

நேராப் போனா ஒண்ணும் இல்ல, திருப்புனா கர்ருங்குதுன்னான். பாண்டி ஏறி ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சார். முன் டயர் நேராப் போயி மட்கார்டுக்கு உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் லைனர்ல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் பொறுமையா வெவரம் சொன்னேன். வண்டியை உசத்துனா உடம்புதான் மேல போகும், டயர் திரும்புறதுக்கு உள்ள இடம் பழைய இடமேதான். அதுவும் வீலு வெளிய பிதுங்கி நிக்கிற மாதிரி மாட்டியிருக்கு, திரும்புறப்போ இன்னும் பெரிய வட்டம் அடிச்சு மூலையில போயி இடிக்குது. ஒரு சைஸ் சின்ன டயராப் போட்டுட்டா பிரச்சினை முடிஞ்சதுன்னேன். பெத்த புள்ளையத் தத்துக் குடுக்கச் சொன்ன மாதிரி ஒரு பார்வை பாத்தான். அப்புறம் தெளிவா ஆர்டர் குடுத்தான்:

"பாட்டுப் போட்டா கேக்கல பாய். பாட்டை நிறுத்துனாக் கேக்குதுல்ல, அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துக் குடுங்க."

வாட்ச்மேன் மூக்கு

அப்படி ஒரு வேலை என் பட்டறையில இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவனும் பாட்டைக் கூட்டி வச்சுக்கிட்டுப் போயிட்டான். அடுத்த வாரம் திரும்பி வந்தப்போ முகம் செத்துப்போயிருந்துச்சு. நடந்தது இதுதான்.

அவுக ஆலை கேட்டுக்கு முன்னால ஒரு முரட்டு வளைவு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சாத்தான் உள்ள நுழைய முடியும். ஒடிச்சிருக்கான். டயர் லைனரைப் போட்டு அரைச்சு, ரப்பர் கருகுன வாடை கிளம்பியிருச்சு. வாசல்ல சுப்பையான்னு ஒரு வாட்ச்மேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனா பட்டாசு ஆலையில வாட்ச்மேனுக்கு வேண்டியது காது இல்ல, மூக்கு. கருகல் வாடை வந்தா என்ன ஏதுன்னு விசாரிக்கிறதெல்லாம் அப்புறம், மொதல்ல மணி. அடிச்சுட்டார். ரூம் ரூமா மருந்து வேலை பாத்துக்கிட்டிருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் போட்டது போட்டபடி வெளிய ஓடி, எதிர்த்த கரிசக்காட்டுல போயி நின்னுட்டாக. பெரிய அண்ணாச்சி சாப்பிட்ட கையோட ஓடியாந்து, ஒவ்வொரு ரூமா மோந்து பாத்துக்கிட்டே வந்து, கடைசியில மகனோட மட்கார்டுல வந்து நின்னுருக்கார். யாருக்கும் ஒண்ணும் ஆகல, அல்லா காப்பாத்துனான். ஆனா சீசன் நேரத்துல அன்னைக்கு வேலை படுத்துருச்சு.

அம்புட்டுப் பேரையும் வச்சுக்கிட்டு அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிட்டாராம். ஆடிப் பதினெட்டு அன்னைக்கு ஆலை வண்டிகளுக்கெல்லாம் கேட்டு வாசல்ல பூஜை. அன்னைக்கு இந்த வண்டி சத்தமும் இல்லாம வாடையும் இல்லாம அந்த வளைவுல திரும்பி உள்ள நுழையணும். நுழைஞ்சா இருக்கட்டும், இல்லாட்டி வித்துறணும். கார்த்திக்குப் பொறுக்கல. டயர் வாடைக்கெல்லாமா மணி அடிப்பாகன்னு வாட்ச்மேன்கிட்டச் சண்டைக்குப் போயிருக்கான். அந்த மனுசன் அமைதியாச் சொன்னது:

"தீப்பெட்டின்னா வாங்கி டப்பாவுல போட்டு வைப்பேன். செல்போன்னா வாங்கிப் பெட்டியில வைப்பேன். இந்த வண்டிய வாங்கி நான் எங்கன வைக்க, சின்ன மொதலாளி?"

காலண்டர் லோடு

இதைக் கேட்ட பிறகு எனக்கே பையன் மேல பாவமாப் போச்சு. படிச்ச படிப்பு அப்பா சொன்னது, பாக்குற வேலை அப்பா வச்சது, போடுற சட்டை கூட அம்மா எடுத்தது. அவனாப் பிரியப்பட்டு, அடம்பிடிச்சு வாங்குனது இந்த வண்டி ஒண்ணுதான். அது கையை விட்டுப் போகக் கூடாதுன்னு நானும் துணிஞ்சு இறங்கிட்டேன். இந்த மாதிரி இரக்கப்பட்டுத்தான் நம்ம எல்லாரும் மாட்டுறோம்.

வெறும் வண்டியில பாத்தா முழு வெவரம் தெரியாது. ஆள் ஏறி உக்காந்து, பள்ளத்துல இறங்குறப்போ முன்பக்கம் எம்புட்டு அமுங்குதுன்னு பாக்கணும். அதனால முன் சீட்டுல வைக்கக் கனமா ஏதாச்சும் கொண்டாங்கன்னு சொல்லிவிட்டேன். மத்த ஊர்க்காரனா இருந்தா நாலு அரிசி மூட்டை கொண்டாந்திருப்பான். இவன் சிவகாசிக்காரன். பெரியப்பா மகன் பிரஸ்ல போயி, அடுத்த வருசத்து தினசரி காலண்டர் கட்டுகளைப் பின்பெட்டி நிறைய அடுக்கிட்டு வந்துட்டான். பின்னால கனம் ஏறவும் வண்டி பின்னால உக்காந்து, மூக்கு மேல தூக்கிக்கிச்சு. ஸ்டியரிங்கை ஒடிச்சா டயர் எதுலயும் படல. இது ஏமாத்து, பின்பாரம் இறங்குனா பழையபடி உரசும்னு நான் சொல்லுறதுக்குள்ள அவன் ஆட ஆரம்பிச்சுட்டான். இனிமே காலண்டரை இறக்கவே மாட்டேன், வருசம் பூரா இப்படியே ஓட்டுறேன்னான். அப்பத்தான் பாண்டி வண்டிக்கு அடியில இருந்து தலையை நீட்டுனார்:

"தெனம் ஒரு தாள் கிழிப்பாகளே தம்பி, மார்கழி மாசம் என்ன செய்வீக?"

ஒத்தக் கலர் அச்சு

டயர் எந்த இடத்துல படுதுன்னு கண்டுபிடிக்க எங்ககிட்ட ஒரு பழைய வழி இருக்கு. டயரோட ஓரத்துல சாக்பீஸைத் தேச்சுட்டு ஓட்டிட்டு வரச் சொல்லுவோம். எங்க வெள்ளை ஒட்டியிருக்கோ அங்க உரசுது, அம்புட்டுத்தான். கார்த்திக்குச் சாக்பீஸ் குடுத்து அனுப்புனேன். தூசியோட தூசியா உதிர்ந்து போச்சு, ஒண்ணும் தெரியலைன்னு சலிச்சுக்கிட்டான். நாளைக்கு நானே நல்ல ஐட்டமாப் பாத்துப் பூசிட்டு வர்றேன்னு சொன்னப்பவே நான் உசாராயிருக்கணும்.

மறுநாள் வந்து நின்னுச்சு வண்டி. ரெண்டு முன் டயரும் செக்கச் செவேல்னு இருக்கு. அதே பெரியப்பா மகன் பிரஸ்ல அச்சு மை ஒரு டப்பாவை எடுத்துக் குழைச்சுப் பூசியிருக்கான். சும்மா சொல்லக் கூடாது, வேலைக்கு அது அருமையான மை. லைனரோட பின் மூலையிலயும், பம்பரோட கீழ் முனையிலயும் குங்குமம் வச்ச மாதிரி அடையாளம் விழுந்துருச்சு. உரசுற இடம் இந்த ரெண்டும்தான்னு நாங்க சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்கையிலயே பையனுக்குப் போன். கையெல்லாம் மையா இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டான். அதான் அவன் செஞ்ச ரெண்டாவது தப்பு.

மொதத் தப்பு என்னன்னா, அந்த மை லேசுல காயாது. பிரஸ்ஸை விட்டுக் கிளம்புன இடத்துல இருந்து டயரு ரோட்டுல பட்டன் பட்டனா அச்சடிச்சுக்கிட்டே வந்திருக்கு. விருதுநகர் வரணும்னா வலது பக்கம் திரும்பியிருக்கணும். அச்சு இடது பக்கம் திரும்பியிருக்கு. அங்க ஒரு சிமெண்ட் ரோட்டுத் தெருவுல போயி, ஒரு வீட்டு வாசல்ல கொஞ்சம் நின்னு, தெருக்கோடியில வளைஞ்சு, திரும்ப அதே வாசல்ல நின்னுட்டுப் போயிருக்கு. அது அவனுக்குப் பேசிக்கிட்டிருக்கிற பொண்ணு வீடு. பூ வைக்கிற வரைக்கும் அந்தத் தெருப் பக்கம் தலை காட்டக் கூடாதுன்னு பெரியவுக கட்டளை. பொண்ணோட அப்பா, வாசல்ல யாரோ செகப்புல கோலம் போட்டிருக்காகன்னு போன் பண்ண, பெரிய அண்ணாச்சி நேர்ல போயிப் பாத்திருக்கார். சிவகாசியில அந்த டயர் வேற யார்கிட்டயும் கிடையாது. அடையாளத்தைப் பிடிச்சுக்கிட்டே பிரஸ் வரைக்கும் நடந்து போயி, அங்கன நின்னுக்கிட்டுத்தான் அந்தப் போன்ல பேசுனார். பட்டறையில அம்புட்டுப் பேரும் கேட்டோம்:

"ஏலே, ஒத்தக் கலர்லயே ஊரு பூராத் தெரியுது. நாலு கலர்ல ஓட்டியிருந்தா உன் போட்டோவே விழுந்திருக்கும்லே."

மொட்டை மட்டும்

வெட்ட வேண்டிய நாள் வந்துச்சு. லைனரோட பின் மூலையை அறுத்து எடுக்கணும். மிச்சத்தைச் சூட்டுல இளக்கி உள்ள தள்ளணும். சேறு அடிக்காம இருக்கத் தொங்குற ரப்பர் மடலைக் கழட்டிப் பின்னால தள்ளி மாட்டணும். பாண்டி பிளேடை வைக்கவும் கார்த்தி கண்ணை மூடிக்கிட்டான். ஒவ்வொரு துண்டு கீழ விழுறப்பவும் இது வேணுமா பாய், இது அவசியமா பாய்னு கேட்டுக்கிட்டே இருந்தான். ஒரு வழியா பின் மூலை தீந்துச்சு. டயரும் லைனரும் பேச்சு வார்த்தையே இல்லாம ஒதுங்கிருச்சு.

பம்பர் முனை பாக்கி. அதுலயும் ஒரு விரக்கடை வெட்டுனா வேலை சுத்தமா முடிஞ்சுரும். பையன் ஓடி வந்து பம்பரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். பெயிண்ட் அடிச்ச இடம், வெளிய தெரியும், தொடவே கூடாதுன்னான். அப்படின்னா ஒரே வழிதான் இருக்கு. ஸ்டியரிங் முழுசா ஒடிஞ்சதும் தடுத்து நிறுத்துற போல்ட்டு ஒண்ணு உண்டு. அதைக் கொஞ்சம் வெளிய எடுத்து வச்சா டயர் பம்பர் வரைக்கும் போகாது. ஆனா வண்டியும் அம்புட்டு வளையாது, பஸ் மாதிரி முன்னப் பின்ன எடுத்துத்தான் திரும்பணும், உங்க கேட்டு வளைவுல திணறுவீகன்னு எச்சரிச்சேன். பரவாயில்ல, பம்பர் பொழைச்சாப் போதும்னான். போல்ட்டைத் திருப்பி வச்சோம். டயருக்கும் பம்பருக்கும் நடுவுல என் சுண்டுவிரல் போயி வர்ற இடம் கெடச்சுச்சு. கண்ணைத் தொடச்சுக்கிட்டு நின்ன பையன்கிட்டப் பாண்டி சொன்னார்:

"மொட்டைக்கே இம்புட்டு அழுகைன்னா, நல்லவேளை தம்பி, காதுகுத்தை நிறுத்துனீக."

பழத்தோட சத்தம்

ஆடிப் பதினெட்டு அன்னைக்கு நீங்க கண்டிப்பா வரணும் பாய்னு கூட்டிட்டுப் போயிட்டான். வண்டி போனா அவன் ஒடைஞ்சுருவான், எனக்குச் சிவகாசியில இருந்து ஒரு வண்டி வராது. கேட்டுக்கு வெளிய, ரோட்டைத் தாண்டி, அம்புட்டுத் தள்ளி வச்சுத்தான் சூடம் கொளுத்துனாக. வேன்ல வந்து இறங்குன பொம்பளைக யாரும் வேலைக்கு உள்ள போகல. அன்னைக்குக் காட்டுக்குள்ள ஓடுனது அவுகதான, தீர்ப்பைப் பாக்காம எப்படிப் போவாக. சந்தனம் தெளிச்சு, மாலை போட்டு, நாலு டயருக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. கார்த்தி என்னைப் பாத்துக்கிட்டே பாட்டை நிறுத்துனான்.

வண்டி நகண்டுச்சு. வளைவுல ஒரே மூச்சுல நுழைய முடியல. பின்னால வாங்குனான், முன்னால எடுத்தான், மறுபடி பின்னால வாங்குனான். சத்தம் இல்ல. சுப்பையா மூக்கை நீட்டிக்கிட்டு டயர் கூடவே நடந்தார், வாடை இல்ல. முன் வீலு கேட்டுக் கோட்டைத் தாண்டப்போற நேரம் 'டப்'புன்னு ஒரு சத்தம். பட்டாசு ஆலை வாசல்ல டப்புன்னா கேக்கணுமா? கூட்டம் அப்படியே பின்வாங்கி, பாதிப் பேர் கரிசக்காட்டுல நின்னாக. பெரிய அண்ணாச்சி முகம் கறுத்துப்போச்சு. கார்த்தி ஸ்டியரிங் மேல தலையைச் சாச்சுட்டான்.

சுப்பையாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் அரைகுறையாத்தான் கேட்டிருக்கும் போல. நிதானமாக் குத்தவச்சு மட்கார்டுக்குள்ள தலையை விட்டு மோந்தார். கையை விட்டு எதையோ எடுத்தார். பாதி எலுமிச்சம்பழம். அம்புட்டுப் பெரிய பட்டனுக்கு நடுவுல பழம் நசுங்காமப் போயி உக்காந்துக்கிட்டு, டயரோட மேல சுத்தி வந்து, அந்தச் சுண்டுவிரல் இடுக்குல பம்பர்ல மாட்டி வெடிச்சிருக்கு. எல்லாரும் பாக்குற மாதிரி தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவர் சொன்ன சாட்சி:

"சத்தமும் பழத்தோடது, வாடையும் பழத்தோடது மொதலாளி. வண்டி வாயே திறக்கல."

முக்காலி

அண்ணாச்சி அதோட விடல. வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து மகனை அந்தப் பக்கம் நகரச் சொன்னார். வேட்டியை மடிச்சுக் கட்டி ஏறப் பாத்தார், காலு எட்டல. சுப்பையா உக்கார்ற முக்காலியைக் கொண்டாந்து போட்டாக. அது மேல ஏறி, அதுக்கு மேல சீட்டுல ஏறி, உக்காந்து, நிமிந்து பாத்தார். பாத்தவர் பாத்தபடியே இருந்தார். என்னடான்னு நானும் அந்த முக்காலி மேல ஏறி எக்கிப் பாத்தேன். அம்புட்டு உசரத்துல இருந்து பாத்தா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஆலை முழுசாத் தெரியுது. அது அவரோட மச்சினன் ஆலை. இந்த சீசன்ல ஆர்டரே இல்ல மச்சான்னு அவர் வீட்டு வாசல்ல வந்து அழுதுட்டுப் போன மச்சினன். அங்க நாலஞ்சு லாரி வரிசையா நின்னு லோடு ஏறிக்கிட்டு இருக்கு.

சூடம் அணைஞ்சு போச்சு, அவர் இறங்கல. அவரே ஸ்டார்ட் பண்ணி, ஆபீஸ் வாசல் வரைக்கும் சத்தமில்லாம ஓட்டிட்டுப் போயி, சுவரோரமா ஒரு தடவை மெதுவா வந்து, நின்னு பாத்துட்டுக் கேட்டுக்கே திரும்புனார். முக்காலி மேல காலை வச்சு இறங்குனப்போ முகத்துல அப்படி ஒரு தெளிவு. கார்த்தி அந்தப் பக்கம் குதிச்சு என்கிட்ட ஓடியாந்தான். வண்டி பொழச்சிருச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டான். வேப்ப மரத்தடியில நிக்கிற தன்னோட பழைய வண்டியைப் பாத்துக் கையைக் காட்டி அண்ணாச்சி சொன்னார்:

"சொன்னாச் சொன்னதுதாம்லே, விக்க மாட்டேன். நாளையில இருந்து இதை நான் எடுத்துக்கிடுறேன், நீ என் ஸ்கூட்டர ஓட்டு. அது எங்கனயும் உரசாது."

ஆகையினால, அடுத்தவர் ஆசையைக் கையால செஞ்சு குடுக்குற என் இனத்து சனங்களே, வேலை கெட்டுப்போனா வண்டிக்காரன் ஒரு தடவைதான் நம்மளத் திட்டுவான், நல்லா அமைஞ்சுட்டா அவன் ஸ்கூட்டர்ல வந்து தெனமும் திட்டுவான்.